பழைய காரின் பற்றரி: முழுதாக மாற்றத்தான் வேண்டுமா?



போன மாதம் என் சித்தப்பாவின் மின்சாரக் கார் ஆனையிறவுக்குக் கிட்ட நின்றுவிட்டது. 40 வீதம் காட்டிக்கொண்டிருந்த மானி சட்டென்று விழுந்ததாம். காருக்குள் கிளினிக்குக்குப் போய்த் திரும்பிய அம்மம்மா. இரண்டு மணித்தியாலம் வெயில். அன்றைக்கே சித்தி, "உதை வித்துப்போட்டு வேற அலுவலைப் பாருங்கோ" எண்டு சொல்லிவிட்டா.

கராஜில் முழுப் பற்றரியையும் மாற்றச் சொன்னார்கள். அந்தக் காசுக்குச் சித்தியின் காப்பு காணாது. விற்றாலோ, வேறு வாங்க ஏலாது. 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் வரியைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே என் கருத்து இதுதான்: பலவீனமான கலங்களை மட்டும் மாற்றலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

எல்லோருக்கும் தெரிந்த நிசான் லீஃப் காரை எடுத்துக்கொள்வோம். 2010 இல் வந்த முதல் வகையின் பற்றரி 24 கிலோவாற்று மணி. உள்ளே 48 பெட்டிகள், பெட்டிக்கு 4 கலம், மொத்தம் 192. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து 96 சோடிகளாகத் தொடரில் நிற்கின்றன. விஞ்ஞானப் பாடத்தில் படித்த அதே தொடர்ச்சுற்றுத்தான். ஒரு சோடி வெறுமையானால், மற்ற 95 இல் மின் மிச்சமிருந்தாலும் கார் நிற்கத்தான் வேண்டும். எங்கள் நடைபவனியில் கடைசியாக வந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைக்காக முழு வரிசையும் வீதியில் நின்றதே, அப்படி!

புதுக் கலம் போட்டால் புதுக் கார் ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பிழை. பலவீனமானதை எடுத்துவிட்டால் அதற்கு அடுத்த பலவீனமான கலம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தூரம்தான் ஓடும். இரண்டு மூன்று மட்டும் கெட்டு மற்றவை நன்றாக இருந்தால் லாபம். எல்லாமே சேர்ந்து கிழடாகியிருந்தால் காசுக்குக் கேடு. போடும் கலமும் மற்றவற்றோடு ஒத்த கொள்ளளவுள்ளதாக இருக்க வேண்டும், பூட்டமுதல் வோல்ற்றளவையும் சமப்படுத்த வேண்டும். அதனால் கார் ஓடும்போது ஒவ்வொரு சோடியையும் அளந்த கணக்கைக் காட்டாத கராஜுக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்பேன். "பாத்தாச்சு தம்பி, எல்லாம் போட்டுது" என்பது கணக்கா?

ஒன்று சொல்லவேண்டும். தயவுசெய்து யாரும் வீட்டில் கழற்றிப் பார்க்காதீர்கள். வீட்டு மின் 230 வோல்ற்று. இது 400 க்குக் கிட்ட, அதுவும் நேரோட்டம். பழகிய கைகள்கூட இணைப்பைத் துண்டித்து, காவலுறை போட்டுத்தான் தொடும்.

சித்தப்பா வேறொரு கராஜில் அளந்து பார்த்தார். மூன்று பெட்டிகள்தான் பிழை. விபத்தில் நொருங்கிய கார் ஒன்றிலிருந்து எடுத்த மூன்றைப் பூட்டினார்கள். போன சனிக்கிழமை அம்மம்மா அதே வீதியால் கிளினிக்குக்குப் போய் வந்தா. ஏசி போடவில்லை, அது வேறு கதை. சித்தியின் காப்பு கையில் இருக்கிறது.

கழற்றிய மூன்றையும் எங்கே கொடுப்பது என்று நான் கேட்டதற்குக் கராஜ்காரர் சிரித்தார். அவை இன்னும் அவருடைய பின்வளவில் தகரத்துக்குக் கீழே கிடக்கின்றன, மழையும் வரப்போகிறது.

- தரம் 11 மாணவன்