இரவு வார்டை யார் அளப்பது?

1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன் ஒழுங்குமுறைகள் குறித்து இந்த இதழ் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும். தேசியப் பதிவேட்டையும் கல்லூரி மதிப்பீட்டையும் வரவேற்கிறோம்.

மறுப்பு ஒன்று உண்டு. சட்டத்தின் முகப்புரையில் கல்வித் தரத்தோடு சேவைத் தரமும் இருக்கிறது. ஆனால் ஆணையத்தின் மதிப்பீட்டு வாரியம் தரம் பிரிக்கப்போவது கல்வி நிறுவனங்களை. வார்டின் தரம் பழையபடி என்.க்யூ.ஏ.எஸ்., என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தரச்சான்றுப் பட்டியல்களின் பொறுப்பிலேயே கிடக்கிறது.

நல்ல பராமரிப்பு எது என்று வார்டு சிஸ்டரைக் கேட்டால் மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டார். பக்கவாத நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைத்ததைச் சொல்வார். வீடு திரும்புகிறவருக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்ததை, ஒருவரின் முகம் மாறியதைக் கவனித்து டாக்டரை எழுப்பியதைச் சொல்வார். 2006இல் ஆய்வாளர் பியாட்ரிஸ் காலிஷ் அமெரிக்கச் செவிலியர்களிடம் கேட்டறிந்த விடுபட்ட பணிகளும் ஏறக்குறைய இவைதான்: நடக்கவைப்பது, திருப்பிவிடுவது, ஊட்டுவது, கற்பிப்பது, ஆறுதல் சொல்வது. ஆள் குறைந்தால் முதலில் விட்டுப்போவது இவை. ஆன்டிபயாடிக் ஊசி அவ்வளவு எளிதில் விட்டுப்போகாது; அதற்குக் கேஸ் ஷீட்டில் கட்டம் இருக்கிறது.

பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் குழு 2002இல் வெளியிட்ட முடிவு நமக்கெல்லாம் தெரியும். செவிலியர் ஒருவர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது. கலிபோர்னியா 1999இல் செவிலியர்–நோயாளி விகிதத்தைச் சட்டமாக்கி, 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே போதனா மருத்துவமனைப் பொது வார்டுக்கு 1:3, மற்றவற்றுக்கு 1:5 என்று கவுன்சிலின் நெறியே சொல்கிறது. எந்த நைட் டியூட்டியில் அதைப் பார்த்தோம்? மீறினால் கேட்பாரில்லை.

ஒவ்வொரு தரச்சான்று ஆய்வுக்கும் ஒரு ரெஜிஸ்டர் கூடுகிறது, பணியிடம் கூடுவதில்லை. ஆய்வு நாளில் விடுப்பை ரத்து செய்து, பக்கத்து வார்டுகளிலிருந்து ஆள் கூட்டி மதிப்பெண் வாங்குகிறார்கள். மறுவாரம் நாற்பது படுக்கைக்கு ஒருத்தியாக நின்றவளின் நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால், மெமோ அவளுக்கு. ஆள் தராத நிர்வாகத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இந்த அநியாயத்தை இத்தனை ஆண்டுகளாக எழுதியும் அசைவில்லை.

ஆணையம் ஷிஃப்ட்வாரியான விகிதத்தை ஒழுங்குமுறையில் எழுத வேண்டும். மீறும் நிர்வாகத்துக்கு நோட்டீஸ் போக வேண்டும். மதிப்பீட்டாளர் முன்னறிவிப்பின்றி இரவு பத்து மணிக்கு மேல் வார்டுக்கு வர வேண்டும். அதுவரை, ஹேண்டோவர் குறிப்பில் அன்றைய நோயாளி எண்ணிக்கையையும் செய்ய முடியாமல்போன பராமரிப்பையும் கையொப்பத்தோடு எழுதி வையுங்கள்.