மனிதர் ஏறும் நாளைச் சோதனைகளே குறிக்க வேண்டும்: ககன்யான் குறித்த நிலைப்பாடு

இந்திய ராக்கெட்டில் மூன்று பேரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, மூன்று நாள் சுற்றவிட்டு, கடலில் பத்திரமாக இறக்குவது ககன்யான் திட்டத்தின் நோக்கம். 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் இதை அறிவித்தபோது வைத்த கெடு 2022. இடையில் கொரோனா வந்தது; வேலையும் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. 2025இல் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் சொன்ன கணக்கு 2027. இந்தத் தாமதத்தை, இந்நிலைப்பாட்டை வெளியிடும் எங்கள் அமைப்பு குறையாகக் கருதவில்லை. மனிதர் ஏறும் நாள் சோதனை முடிவுகளைப் பார்த்தே குறிக்கப்பட வேண்டும். சுதந்திர தினத்தையோ தேர்தலையோ ஒட்டி அதைக் குறிக்கக் கூடாது.

கழிந்த ஆண்டுகளில் உருப்படியான வேலை நடந்திருக்கிறது. மனிதப் பயணத்துக்குத் தகுதிபெற ராக்கெட்டின் சி.இ.20 கிரையோஜெனிக் எஞ்சினை 6,350 விநாடி எரித்துக் காட்டினால் போதும். நான்கு எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8,810 விநாடி எரித்துப் பார்த்தார்கள். 2023 அக்டோபர் 21 அன்று, தப்பிக்கும் அமைப்பைச் சோதிக்கும் ராக்கெட்டைப் புறப்பட 5 விநாடி இருக்கையில் கணினியே நிறுத்தியது. கோளாறு சரிசெய்யப்பட்டு அன்றே ஏவப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாதிரிக் கலத்தை ஹெலிகாப்டரிலிருந்து கீழே போட்டுப் பாராசூட்டுகள் சோதிக்கப்பட்டன. மூன்று பெரிய பாராசூட்டுகளில் இரண்டு விரிந்தாலே கலம் தப்பிவிடும். பத்திரிகைகளில், ஆளில்லாப் பயணத்துக்காக உருவாக்கிய வியோமமித்ரா ரோபோவின் படம்தான் அதிகம் வருகிறது. வீரர்களின் உயிர் இருப்பதோ பாராசூட்டின் துணியிலும் கயிற்றிலும்.

1967இல் சோவியத் விண்வெளி வீரர் விளாதிமிர் கொமரோவ் இறந்தது பாராசூட் சரியாக விரியாததால். 1986இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, கடுங்குளிரில் ஏவ வேண்டாமென்று பொறியாளர்கள் மன்றாடினார்கள். மேலிடம் ஏற்கவில்லை, ஏழு பேர் மாண்டனர். 2003 கொலம்பியா விண்கல விபத்தை ஆராய்ந்த குழு, கால அட்டவணை தந்த நெருக்கடியையும் ஒரு காரணமாகச் சுட்டியது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024இல் ஸ்டார்லைனர் கலத்தில் ஹீலியம் கசிந்தது, உந்துகருவிகளும் மக்கர் செய்தன. நாசா கலத்தை ஆளில்லாமல் இறக்கியது. சில நாள் பயணமாகச் சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஒன்பது மாதம் கழித்து வேறு கலத்தில் திரும்பினார்கள். உலகமே கேலி பேசியது. ஆனாலும் சரியான முடிவு அதுதான்.

அத்தகைய முடிவை இந்தியாவில் யார் எடுப்பது? ராக்கெட்டைக் கட்டுவது, ஏவுவது, மனிதர் ஏறத் தகுந்ததென்று சான்று தருவது எல்லாம் இங்கே ஒரே துறையின் கூரைக்குள் நடக்கின்றன. 2017இல் வெளியான விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா இன்னும் சட்டமாகவில்லை. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும், ஏவுதலை நிறுத்த அதிகாரமுள்ள தனி வாரியத்துக்கு அந்தச் சட்டம் இடம்தர வேண்டும். ஆளில்லாப் பயணம் ஒவ்வொன்றின் முடிவையும், பிழைகள் உட்பட, பொதுவெளியில் வைக்க வேண்டும். 2022இல் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் தோற்றபோது இஸ்ரோ காரணத்தை வெளிப்படையாக விளக்கியது. அந்த வழக்கம் தொடர்ந்தால் போதும்.

ஆளில்லாப் பயணத்தில் பெரிய கோளாறு தெரிந்தால், திருத்தியபின் அதே பயணத்தை மறுபடி நடத்த வேண்டும். செலவு கூடும். 2024 செப்டம்பரில் திட்டத்தின் மதிப்பு 20,193 கோடி ரூபாயாக உயர்ந்தபோது எட்டுப் பயணங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. தேவைப்பட்டால் ஒன்பதாவதுக்கும் பணம் ஒதுக்கலாம்.

2035இல் விண்வெளி நிலையம் என்ற இலக்குக்கும் இதே நிபந்தனைகள் பொருந்தும். 2040இல் இந்தியர் நிலவில் இறங்குவது பற்றி எங்கள் அமைப்பு இப்போது ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கவில்லை. அதற்கு வேண்டிய ராக்கெட் இன்னும் கட்டப்படவில்லை.