அந்த இசையைக் கொஞ்சம் ம்யூட் பண்ணுங்கப்பா

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் நம்ம தேனி மாவட்டம்தான். அதுக்காக எல்லாப் பேச்சுக்கும் அடியில வயலின் ஓடணுமா?

நானும் அந்தத் தப்பைச் செஞ்சவன்தான். போடியில ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒரு அக்கா, விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல போடிமெட்டு ஏறி தோட்டத்துக்குப் போன காலத்தைப் பத்திப் பேசினாங்க. அடியில புல்லாங்குழல் சேர்த்தேன். கேட்டுட்டு, "பாட்டு நல்லாருக்கு தம்பி, நான் என்ன பேசினேன்?"னு கேட்டாங்க.

அப்புறம்தான் ஆடாசிட்டியில ட்ராக்குக்கு இடது பக்கம் இருக்கிற பெட்டியை ஒழுங்கா பார்த்தேன். சோலோ அழுத்தினா அந்த ட்ராக் மட்டும் கேட்கும். அக்கா குரலுக்குப் பின்னாடி, கை ஏலக்காயை அளையிற சத்தம்கூட இருந்தது. அதைவிட என்ன பின்னணி இசை வேணும்?

புல்லாங்குழலை அழிக்கல, ம்யூட் பண்ணினேன். ம்யூட்ல இருக்கிற ட்ராக் எக்ஸ்போர்ட்ல வராது. (இது தெரியாம குரலையே ம்யூட்ல விட்டு ஃபைல் அனுப்பின நண்பன் ஒருத்தன் உண்டு.) இசை இருந்தே ஆகணும்னா, பக்கத்துலயே ஸ்லைடர் இருக்கு, மைனஸ் 36 டெசிபல் வரைக்கும் இறக்கலாம். பேன் மட்டும் வேண்டாம். ஒத்தை இயர்போன்ல கேட்கிறவங்களுக்குப் பாதிப் பேச்சு போயிடும்.

புது ஃபைலை அக்காகிட்ட இன்னும் போட்டுக் காட்டல. சனிக்கிழமை போறேன்.