ரயில்வே பணியாளர்கள் மீதான தாக்குதலைத் தடுக்கக் கோரும் மனு

பெறுநர்: கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்

நகல்: கோட்டப் பாதுகாப்பு ஆணையர், ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.); காவல் கண்காணிப்பாளர், ரயில்வே காவல்துறை

பொருள்: கேட் கீப்பர், டிக்கெட் பரிசோதகர் உள்ளிட்டோரின் பணியிடப் பாதுகாப்பு – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

2023 பிப்ரவரியில் தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரம் ரயில்வே கேட்டில் இரவுப் பணியில் தனியாக இருந்த பெண் கேட் கீப்பர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 2024 ஏப்ரல் 2 அன்று திருச்சூர் அருகே, முன்பதிவுப் பெட்டியில் டிக்கெட் இல்லாமல் வந்தவரைக் கேள்வி கேட்ட பரிசோதகர் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டு உயிரிழந்தார். இரண்டிலும் கைது நடவடிக்கை உடனே எடுக்கப்பட்டதை மறுக்கவில்லை. செய்தித்தாள் வரை போகாத தாக்குதல்களே இம்மனுவுக்குக் காரணம். சட்டையைப் பிடித்தது, கன்னத்தில் அறைந்தது, கேட் அறைக் கண்ணாடியை உடைத்தது எல்லாம் "சமாதானமாகப் போங்கள்" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகின்றன.

கேட்டில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிக்னலுடன் பிணைக்கப்படாத (இன்டர்லாக் இல்லாத) கேட்டில், ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொன்னதும் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, அதை உறுதிப்படுத்தும் பிரைவேட் நம்பரைக் கொடுக்கிறார் கேட் கீப்பர். அந்த எண்ணை நம்பித்தான் ரயில் வருகிறது. அதன்பின் நான்கு பேர் குடித்துவிட்டு வந்து, "வண்டி எங்கய்யா வருது? தொற!" என்று சூழ்ந்துகொண்டால், அவர் இடத்தைவிட்டு ஓடவும் முடியாது, கேட்டைத் திறக்கவும் கூடாது. துணைக்கு ஆள் கிடையாது. அடிக்குப் பயந்து திறந்துவிட்டால் சார்ஜ்ஷீட் அவருக்குத்தான். ஆகவே இது ரயில் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பணியாளர் நலக் கோப்பில் கிடக்க வேண்டியதல்ல.

புகார் கொடுக்கப் போனாலோ, ஆர்.பி.எஃப். ரயில்வே போலீசைக் கைகாட்டுகிறது. அவர்கள் உள்ளூர் காவல் நிலையத்தைக் கைகாட்டுகிறார்கள். கடைசியில் 1989 ரயில்வே சட்டத்தின் 146-ஆம் பிரிவு மட்டும் மிஞ்சுகிறது. அதில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்?

எனவே நாங்கள் கோருவது:

1. பணியிலுள்ளவரைத் தாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆம் பிரிவிலும், காயம் ஏற்பட்டால் 121-ஆம் பிரிவிலும் (ஐந்தாண்டு வரை சிறை) வழக்குப் பதிய வேண்டும். எல்லை எவருடையது என்பதைக் காவல்துறையினர் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அடிபட்டவரை அலைக்கழிக்கக் கூடாது. புகார்தாரராக நிர்வாகமே முன்வர வேண்டும்.

2. ஊருக்கு ஒதுக்குப்புறமான கேட்டுகளில் பெண்களுக்குத் தனி இரவுப் பணி கூடாது. அறைக்குள்ளேயே கழிப்பறை, உட்புறத் தாழ்ப்பாளுள்ள உறுதியான கதவு, வெளியே நல்ல வெளிச்சம் வேண்டும்.

3. கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதியபின், கேட்டுகளில் சிசிடிவி பொருத்த உத்தரவிடப்பட்டது. வரவேற்கிறோம். அந்தக் கேமரா கேட் கீப்பர் தூங்குகிறாரா என்று பார்க்க மட்டும் பயன்பட்டால் போதாது. அவசரப் பொத்தானை அழுத்தியதும் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அதே காட்சியைப் பார்த்து ஆள் அனுப்ப வேண்டும்.

4. இரவு ரயில்களில் பரிசோதகருடன் ஆர்.பி.எஃப். காவலர் செல்ல வேண்டும்.

5. காயமடைந்தவரின் மருத்துவ விடுப்பு பணிக்காலமாகக் கருதப்பட வேண்டும்.

இவற்றைப் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்குமாறும், எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
பணியாளர் சங்கம்