கைவேலைக்கு என்ன விலை?



பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காகக் கம்போடியாவின் தலைநகர் ப்னொம் பென்னுக்குச் சென்றிருந்தேன். பட்டறை முடிந்ததும் ஊர் பார்க்க ஒரு நாள் கிடைத்தது.

காலையில் டொன்லே சாப் ஆற்றங்கரையோரமாக நடந்து அரண்மனைக்குப் போனோம். அதன் வளவிலுள்ள வெள்ளிக் கோவிலின் தரையில் 5,000க்கும் அதிகமான வெள்ளித் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து துவோல் ஸ்லெங் சென்றோம். அது முன்பு ஒரு பாடசாலை. 1975 ஏப்ரல் 17 இல் கெமர் ரூஜ் படையினர் நகரைக் கைப்பற்றி, மக்கள் அனைவரையும் கிராமங்களுக்கு விரட்டினர். பின்னர் இப்பாடசாலை சிறைக்கூடமாயிற்று. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி வீழ்வதற்குள் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டு போயினர். சுவர் நிறையக் கைதிகளின் புகைப்படங்கள். கைக்குழந்தையோடு ஒரு தாயின் படமும் இருந்தது. அதற்கு முன்னால் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

பிற்பகல் 'ரஷ்யச் சந்தை'க்குப் போனோம். 1980களில் அங்கிருந்த ரஷ்யர்கள் பொருள் வாங்கிய இடமாதலால் இந்தப் பெயர். ஒடுங்கிய பாதைகள், புழுக்கம். பட்டுச் சால்வை, வெள்ளிச் செப்பு, மரச் சிற்பம் என எல்லாம் குவிந்து கிடந்தன. விற்பவர் கல்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுவார். நாம் நமது விலையை அடித்துக் காட்ட வேண்டும்.

'கிராமா' என்னும் கட்டம் போட்ட துணி அங்கே எல்லோரிடமும் உண்டு. தலைப்பாகையும் அதுதான், பிள்ளைக்கு ஏணையும் அதுதான். பட்டு நெசவோ பெரும் பொறுமையான வேலை. நெய்வதற்கு முன்பே ஊடை நூலைக் கட்டிக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் பிடியாது. அப்படித்தான் கோலம் விழுகிறது. போர்க்காலத்தில் இந்த நெசவு அழியும் நிலைக்கு வந்தது. உயிர் தப்பிய முதிய பெண்களின் நினைவிலிருந்தே பல கோலங்கள் மீண்டன.

ஒரு கடையில், செய்தவரின் துயரக்கதை எழுதிய அட்டையோடு சிறு பை ஒன்று இருந்தது. மனமிரங்கி வாங்கினேன். அன்றிரவே அதன் சிப் கழன்றுவிட்டது. இன்னொரு கடையில் கால் இழந்த ஒரு பெண் இருந்தார். அவர் தன் கதை எதுவும் சொல்லவில்லை. பையை உட்புறமாகத் திருப்பித் தையலைக் காட்டினார். விலையும் குறைக்கவில்லை. அந்தப் பையைத்தான் இன்றும் பாவிக்கிறேன்.

எங்கள் நிலையத்தில் பனையோலை வேலை செய்யும் ஓர் அக்கா முன்பொருநாள் என்னிடம், "தங்கச்சி, எங்கட கண்ணீரைச் சொல்லி விக்காதேங்கோ, பெட்டியைக் காட்டி வில்லுங்கோ" என்றார். கண்காட்சிகளில் நான் அப்படித்தான் விற்று வந்தேன். நல்லது செய்வதாகவே நினைத்திருந்தேன். அவர் சொன்னது ப்னொம் பென்னில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறைதான் வருவார். பொருள் பிடித்து வாங்குபவர் மீண்டும் வருவார். ஆகவே ஓலையை நன்கு காயவிடுங்கள். விளிம்பை இறுக்கிக் கட்டுங்கள். விலை போடும்போது ஓலை, சாயம், பஸ் கூலி ஆகியவற்றோடு உங்கள் மணித்தியாலங்களையும் எழுதிக் கூட்டுங்கள். எங்களில் பலர் விட்டுவிடும் கணக்கு அதுதான்.

அந்த அக்காவின் பெட்டியை அடுத்த கண்காட்சியில் உட்புறம் திருப்பிக் காட்டியே விற்பேன்.