சுவரில் இருந்த கைத்தடம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் ஆறு மாதங்களாக ‘புது கிச்சன்’ என்றே இருந்தது.

கிள்ளானில் அப்பா வாங்கிய வரிசை வீடு அது. மாடி கிடையாது. 20 அடி அகலம், 70 அடி நீளம். அப்பா போன பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று அண்ணனும் நானும் தங்கையும் முடிவு செய்தோம். கொல்லை முழுவதையும் மூடிப் பெரிய சமையலறை, நடுவில் ‘ஐலண்ட்’ மேடை என்று தினம் ஒரு படம் வரும். அம்மாவைக் கேட்டால் ஒரே பதில்தான்: “உங்க இஷ்டம்பா.”

குத்தகையாளர் வரைபடமும் கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. அம்மாவோடு போய்த் தங்கினேன்.

முதல் இரவே சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். பின் அறையிலிருந்து வெளியே வந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, சமையலறைப் படி ஒன்று இறங்கி, குளியலறை வாசற்படியைத் தாண்ட வேண்டும். இருட்டில் சுவரைத் தடவித் தடவி நடந்தார். காலையில் அந்தச் சுவரைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் நீளமாக ஓர் அழுக்குக் கோடு. அம்மாவின் கை பட்டுப் பட்டு வந்த தடம். பெயிண்ட் அடித்தால் போய்விடும் என்று நான் முன்பு நினைத்த அதே கறை!

பக்கத்து வீட்டு ஆண்ட்டி அன்று மெதுவாகச் சொன்னார்: “போன வருஷம் அந்தப் படியில வழுக்கி விழுந்தாங்கம்மா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.”

வரைபடத்தை மறுபடி விரித்தேன். அந்தப் படி அப்படியே இருந்தது. அதைவிட மோசம், அம்மா அறையின் ஒரே ஜன்னல் கொல்லைப் பக்கம்தான். அதைப் புதுச் சமையலறைச் சுவர் அடைத்துவிடும். வரிசை வீடுகளில் பின்பக்கத்தை இழுத்துக் கட்டும்போது நம்மில் பலர் செய்யும் தவறு இது. பிறகு பகலிலும் விளக்கு, எந்நேரமும் காற்றாடி. 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகளே அறைப் பரப்பில் 10 விழுக்காடு ஜன்னல் வேண்டும் என்கின்றன. 10-க்கு 10 அடி அறைக்கு 10 சதுர அடி. அறைப் பரப்பில் 5 விழுக்காடாவது காற்று வரத் திறக்க வேண்டும்.

திட்டத்தை மாற்றினோம். சமையலறையைக் கொல்லையின் பாதி அகலத்துக்கு மட்டும் நீட்டினோம். அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே வானம் மிஞ்சியது. கருவேப்பிலை மரமும் தப்பியது. அறையை ஒட்டிய ஸ்டோர் குளியலறையாக மாறியது. இடையில் கதவு வைக்கச் சுவரை உடைக்கும் முன் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினோம். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. ஊராட்சி மன்ற அனுமதிக்கும் முறைப்படி விண்ணப்பித்தோம். தாமதம்தான். ஆனால் அனுமதியின்றிக் கட்டியதை இடிக்கச் சொன்னால் நஷ்டம் நமக்குத்தானே?

தரை முழுக்க ஒரே மட்டம். குளியலறைக்கு 3 அடி அகலத்தில் தள்ளு கதவு. உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே ஒருவர் விழும்போது அவரே கதவை அடைத்துக்கொள்வார். சொரசொரப்பான டைல்ஸ், கைப்பிடி, கட்டிலில் இருந்தே எட்டும் சுவிட்ச். பழைய குழாயையும் வயரையும் டைல்ஸ் பதிக்கும் முன்பே மாற்றிவிட்டோம்.

‘ஐலண்ட்’ மேடை வரவில்லை. தங்கைக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? படம் தேடுவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு வாரம் தங்குங்கள். யார் எங்கே உட்கார்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், இரவில் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். குத்தகையாளரிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.

“உங்க இஷ்டம்” என்று அம்மா சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மா இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார். கைப்பிடி இன்னும் கொஞ்சம் கீழே இருக்க வேண்டுமாம்!

அடுத்த வாரம் சந்திப்போம்.