சால்வைக்குப் பதில் ஓர் இசைத்தட்டு

லண்டன் இ.எம்.ஐ. கம்பெனியார், தொலைக்காட்சியில் அசப்பியமாகப் பேசி ஊர் வாயில் விழுந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் பங்க் ராக் கோஷ்டியை, ஒப்பந்தம் செய்த மூன்றே மாதத்தில், 1977 ஜனவரியில், கைகழுவிவிட்டார்கள். அந்தப் பையன்களோ அவ்வாண்டு அக்டோபரில் வர்ஜின் கம்பெனி மூலம் ஆல்பம் வெளியிட்டு, பழைய எஜமானரைப் பெயர் சொல்லியே பரிகசிக்கும் பாட்டொன்றையும் அதில் சேர்த்து, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தார்கள். அந்த இரைச்சல் என் செவிக்கு ஒத்துவராது. ஆனால் காசு கொடுப்பவன் முன் கைகட்டி நில்லாத அந்த ரோஷத்தை மதிக்கிறேன்.

அதே இ.எம்.ஐ.யின் இந்தியக் கிளை, அதாவது நம் வீட்டு எச்.எம்.வி., சில ஆண்டுகளுக்குள் வெளியிட்ட பாலாஜி பஞ்சரத்னமாலா என்னும் இசைத்தட்டுத் தொகுதிக்கும் அத்தகைய ரோஷமே, வேறு பக்குவத்தில், ஆதாரமாயிருந்தது. கச்சேரி வரும்படியைத் தர்ம கைங்கரியங்களுக்கே வாரி வழங்கிய எம்.எஸ். சுப்புலட்சுமியும் சதாசிவமும் எழுபதுகளின் பிற்பகுதியில் பொருள் நெருக்கடிக்கு ஆளானபோது, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாயிருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத், அத்தம்பதியர் தானமாக ஒரு காசும் ஏற்கமாட்டார்கள் என்பதை உணர்ந்து, ஐந்து இசைத்தட்டுகளுக்குப் பாடித் தரும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தார்.

அது பெயரளவிலான பணியன்று. தெலுங்குக் கவி அன்னமாசாரியரின் சாகித்தியங்கள் திருமலைக் கோயிலின் செப்பேடுகளில் தங்கிவிட்டனவேயன்றி, அவற்றின் பழைய வர்ணமெட்டுகள் பெரும்பாலும் வழக்கொழிந்திருந்தபடியால், நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற வித்வான்கள் புதிதாக மெட்டமைத்த கீர்த்தனைகளை, மதுரையில் பிறந்த எம்.எஸ்., அறுபது வயதைக் கடந்த நிலையில், தெலுங்கு உச்சரிப்பு பிசகாமல் பாடம் செய்ய வேண்டியிருந்தது. பௌளியில் அமைந்த ‘ஸ்ரீமன் நாராயண’வைக் கேளுங்கள்: ஸ்வரப் பிரஸ்தாரமில்லை, கைதட்டலை எதிர்பார்க்கும் பிருகா இல்லை, ஒவ்வொரு நாமமும் அவசரமின்றி இறங்கி வந்து, தன் இடத்தில் அமர்ந்த பிறகே அடுத்தது எழுகிறது. கச்சேரி மேடையில் அபூர்வமான இந்த அடக்கம், ஒலிப்பதிவுக் கூடத்துக்கென்றே யோசித்துச் செய்த காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. திருப்பதிக் கடைத்தெருவில் ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு இதை முழங்குவது கேட்பவருக்கு நேரும் துர்ப்பாக்கியம், தட்டின் குற்றமன்று.

பக்கத்துச் சித்தூருக்கும் இசைத்தட்டின் மகிமை புதிதல்ல. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய சுப்பிரமணிய பிள்ளையின் ‘மதுரா நகரிலோ’, ஆனந்தபைரவியில், கிராமபோன் காலத்து வீடுகளுக்குள் எவ்வளவு உரிமையோடு புகுந்தது!

இன்றோ நலிந்த கலைஞரென்றால் மேடையேற்றிச் சால்வை போர்த்தி, பொற்கிழியும் ஒரு பட்டமும் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். அவருடைய வித்தையை யாரும் கேட்பதில்லை. சித்தூர் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரத ஹரிகதையும் இரவில் கூத்துமாகத் தொண்டை வற்றப் பாடுகிறவர்களுக்குத் திருவிழா முடிந்தால் வருவாயும் முடிகிறது. தேவஸ்தானத்தில் 1978-இல் தொடங்கிய அன்னமாசாரியத் திட்டம் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கென்றே ஒரு பிரிவும் இருக்கிறது. அவர்களை அங்கே அழைத்து, ஒத்திகைக்கு அவகாசமும், பேசி முடித்த ஊதியமும், பக்கவாத்தியக்காரர் உட்பட அனைவரின் பெயரும் உறையில் அச்சாகும் என்ற உறுதியும் அளித்துப் பாடச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.